குரோம் பட்டையில் பாதி விரல்

இது நடந்தது. தேதி இருக்கிறது, மணி இருக்கிறது, பக்கத்தில் நின்று பார்த்த ஆள் இன்னும் உயிரோடு இருக்கிறான். நான் பேய் என்றதும் போர்வைக்குள் புகுந்துகொள்ளும் ரகம் இல்லை. என் வேலையே கண்ணால் பார்த்ததை மட்டும் சொல்வதுதான். ஒரு சாமானை விளக்கடியில் திருப்பித் திருப்பிப் பார்த்து, இதில் கீறல் இருக்கிறது, இதில் இல்லை என்று சொல்வேன். பதினோரு வருடமாக அதே வேலை. என் கண் பொய் சொன்னதில்லை. மனிதர்கள் சொன்ன ஒரு பொய்தான் எங்கள் வீட்டை இருபத்தாறு வருடம் உட்கார்ந்து தின்றது.

1994, பிப்ரவரி. ஒஹையோ, டொலீடோ ஊருக்கு வெளியே மெர்ல் டகர்ட்டின் பட்டறை. பழைய கார்களின் உள்ளே வரும் பிளாஸ்டிக் சாமான்களுக்குக் குரோம் பூச்சு போடுகிற இடம். மீட்டர் வளையம், ரேடியோ சட்டம், கதவுக் கைப்பிடி, டாஷ்போர்டில் ஓடும் பட்டை... முப்பது வருடத்தில் இவையெல்லாம் சொறி பிடித்ததுபோல் உரிந்து போயிருக்கும். எங்களிடம் வந்தால் முகம் பார்த்துத் தலை வாரலாம்.

குரோம் என்பது பேச்சுக்குத்தான். உண்மையில் அது அலுமினியம். முதலில் பழைய பூச்சைக் காஸ்டிக் சோடா தண்ணீரில் கரைப்போம். பிறகு என்னோடு வேலை பார்க்கும் ரூஃபஸ் அதற்கு வார்னிஷ் அடிப்பான். சூளையில் காயவைத்து, சட்டத்தில் மாட்டி, டிரம்முக்குள் தள்ளுவோம். டிரம் என்றால் ஆள் உயர எஃகு உருளை. முன்னால் கனமான கதவு, கதவில் சாப்பாட்டுத் தட்டு அளவுக்கு ஒரு கண்ணாடி ஜன்னல். கதவை அடைத்து, உள்ளே இருக்கும் காற்றை எல்லாம் பம்ப் உறிஞ்சி வெளியேற்றும். இருபத்தைந்து நிமிடம். அதன்பின் உள்ளே இருக்கும் கம்பிச் சுருளில் மின்சாரம் பாயும். அதில் தொங்கும் அலுமினியத் துண்டு ஆவியாகி, சுற்றிக்கொண்டிருக்கும் சாமான்கள்மேல் படியும். எல்லாம் பத்து விநாடி. வெளியே எடுத்தால் வெள்ளி.

ஒரே ஒரு பாவம் செய்யக்கூடாது. வார்னிஷ் காய்ந்த சாமானை வெறும் விரலால் தொடக்கூடாது. தொட்டால் அந்த இடத்தில் ரேகை வரிவரியாக மங்கலாக நிற்கும். என்ன தேய்த்தாலும் போகாது. முழுசாகக் கரைத்து, முதலிலிருந்து தொடங்க வேண்டும். அதனால் இரண்டு ஜோடிக் கையுறை போடுவோம். உள்ளே ரப்பர், வெளியே பருத்தி.

பாவம் செய்தவர்களுக்கு மெர்ல் ஒரு தண்டனை வைத்திருந்தார். உடனே படம் துப்பும் ஒரு கேமராவில் கெட்டுப்போன சாமானைப் படம் எடுப்பார். காபி போடும் மூலையில் அதை ஆணியடித்து, கீழே வெள்ளை நாடாவில் தொட்டவர் பெயரை எழுதி ஒட்டுவார். வெட்கச் சுவர் என்று அதற்குப் பெயர். காபி குடிக்கிறவன் எல்லாம் பார்த்துச் சிரிக்க வேண்டும். அதுவரை பதினோரு வருடத்தில் என் பெயர் அதில் ஏறியதில்லை. எனக்கு அதில் கொஞ்சம் திமிர் உண்டு.

பதினான்காம் தேதி திங்கட்கிழமை, காலை 9:30-க்கு ஒரு பெட்டி வந்தது. ஆறு சாமான்கள், வண்டியைப் புதுப்பிக்கும் மெக்கானிக் பூச்சே இல்லாமல் சுத்தமாக்கி அனுப்பியிருந்தார். மேலே ஒட்டியிருந்த சீட்டில் வண்டி விவரம். 1967 மாடல், இரண்டு கதவு, கருநீலம். அதன் கீழே சொந்தக்காரர் பெயர்.

லாயிட் பெண்டர்.

சீட்டை இன்னொரு முறை படித்தேன். அந்த வண்டியில்தான் என் அண்ணன் செத்தான்.

சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். நீட்டினால் எனக்குத்தான் வயிறு எரியும். 1968, அக்டோபர் 12, சனிக்கிழமை சாயங்காலம். லாயிடும் என் அண்ணன் ஸ்டாஷும் லாயிடின் புது வண்டியில் போனார்கள். வண்டி சாலையோரம் நடந்துபோன ஹெலென் டீச்சரை அடித்துத் தள்ளிவிட்டு, ரயில் பாலத்தின் தூணில் மோதியது. டீச்சர் அங்கேயே போய்விட்டார். எனக்கு இரண்டாம் வகுப்பு எடுத்தவர். போலீஸ் வந்தபோது ஸ்டாஷ் ஸ்டீயரிங்குக்குப் பின்னால் செத்துக் கிடந்தான். லாயிட் புல்லில் உட்கார்ந்திருந்தான். "ஸ்டாஷ்தான் ஓட்டினான், நான் வெளியே தூக்கி எறியப்பட்டேன்" என்றான். லாயிடின் அப்பா மர ஆலை முதலாளி. எங்கள் அப்பா அந்த ஆலையில் மரம் அடுக்குகிறவர். யார் சொல்வது எடுபடும்?

அண்ணனின் கைக்கடிகாரம் 6:52-ல் நின்றிருந்தது. போலீஸுக்குப் போன் போனது 7:35-க்கு. நடுவில் நாற்பத்து மூன்று நிமிடம் எங்கே போனது என்று ஒருத்தரும் கேட்கவில்லை.

அன்றிலிருந்து நாங்கள் டீச்சரைக் கொன்றவன் வீடு. டீச்சர் குடும்பம் பத்து மணிப் பூசைக்கு வரும். அதனால் அம்மா ஆறு மணிப் பூசைக்கு மாறினாள். இருட்டில் போய் இருட்டில் திரும்புவாள். எனக்கு நிச்சயமாகியிருந்த பையன் மோதிரத்தைத் திருப்பி வாங்கிக்கொண்டு போனான். பிறகு வேறொருவனைக் கட்டிக்கொண்டேன். அந்தக் கல்யாணமும் முறிந்தது, அவன் பெயர் மட்டும் என்னோடு ஒட்டிக்கொண்டது. அதனால்தான் பட்டறையில் யாருக்கும் நான் யார் தங்கச்சி என்று தெரியாது. அம்மாவுக்கு அப்போது எழுபத்தெட்டு. அவள் கண்ணை மூடுவதற்குள் ஸ்டாஷ் பெயரில் இருக்கும் கறை போக வேண்டும். இந்தப் பிறவியில் எனக்கு இருந்த ஆசை அது ஒன்றுதான்.

அந்த வண்டியை லாயிட் இத்தனை வருடம் கொட்டகையில் போட்டு வைத்திருந்திருக்கிறான். இப்போது புதுசாக்கி, மார்ச் மாதக் கண்காட்சியில் நிறுத்தப் போகிறானாம். அதற்கு நான் மினுக்கித் தர வேண்டும். நல்ல உலகம்.

பெட்டியில் இருந்ததில் பெரியது ஒரு பட்டை. இரண்டரை அடி நீளம். வண்டியில் பக்கத்து இருக்கைக்கு முன்னால், டாஷ்போர்டில் வரும் பட்டை.

மறுநாள் செவ்வாய். தவக்காலத்துக்கு முந்தின நாள். எங்கள் போலந்துக்காரர் தெருக்களில் ஊரே பொன்ச்கி தின்கிற நாள். எண்ணெயில் பொரித்து, உள்ளே ஜாம் வைத்து, மேலே சர்க்கரை தூவியது. மெர்ல் இரண்டு டஜன் வாங்கி வந்திருந்தார். 11:15-க்கு டிரம்மைத் திறந்தோம். ஐந்து சாமான்கள் பளிங்கு மாதிரி இருந்தன. பட்டையின் கீழ் விளிம்பில் மட்டும் ஒரு மங்கல். விளக்கடியில் வைத்துப் பார்த்தேன். ஒரு விரல் நுனி.

"யாரு தொட்டது?" என்றார் மெர்ல்.

"நான் தொடலை. ரெண்டு ஜோடி கையுறை போட்டிருந்தேன், மெர்ல்."

"அப்ப பேய் வந்து தொட்டுச்சா? பொன்ச்கி தின்ன கை இது. எண்ணெய் மினுமினுக்குது பாரு."

"பாஸ், அஞ்சு தின்னது நீங்க," என்றான் ரூஃபஸ். "முதல்ல உங்க கையைக் காட்டுங்க."

மெர்ல் சிரிக்கவில்லை. படம் எடுத்தார். ஆணியடித்தார். கீழே என் பெயரை எழுதினார். செய்யாததற்குப் பெயர் போடுவது எப்படி இருக்கும் என்று எங்கள் வீட்டில் ஏற்கனவே தெரியும். இருந்தாலும் எரிந்தது.

பட்டையைக் கரைத்தோம். ரூஃபஸ் மறுபடி வார்னிஷ் அடித்தான். புதன்கிழமை சாம்பல் புதன், தேவாலயத்தில் சாம்பல் பூசும் நாள். நான் நெற்றியில் சாம்பலோடு வேலைக்கு வந்தேன்.

"என்ன ரெஜி, அடுப்புக்குள்ள தலையை விட்டியா?" என்றார் மெர்ல். "தூசி விழக்கூடாத இடத்துக்கு மூஞ்சியில கரியோட வர்ற."

"துடைக்க மாட்டேன். வேணும்னா நான் பட்டை பக்கமே போகலை. ரூஃபஸ் மாட்டட்டும்."

ரூஃபஸ்தான் மாட்டினான். அவன்தான் கதவை அடைத்தான். நான் பத்தடி தள்ளிக் கைகட்டி நின்றேன். 2:40-க்குக் கதவு திறந்தது. ரூஃபஸ் பட்டையை எடுத்தான், விளக்கடிக்குக் கொண்டுவந்தான். ஏதோ கேலி சொல்ல வாயைத் திறந்தவன் பட்டையை விளக்குக்கு இன்னும் கிட்டே பிடித்தான்.

இந்த முறை மூன்று விரல்கள்.

"ரெஜி... இந்தக் கையில ஏதோ குறையுது."

பார்த்தேன். ஆள்காட்டி விரல் முழுசு. மோதிர விரல் முழுசு. நடுவில் இருந்த விரல் பாதியில் முடிந்திருந்தது. நுனியில் ரேகை இல்லை. தைத்து மூடிய தோல் மாதிரி ஒரு சுருக்கம்.

1967-ல் தகடு அழுத்தும் ஆலையில் ஸ்டாஷின் இடது கை நடுவிரல் இயந்திரத்தில் போனது. முதல் கணுவோடு. கட்டுப் பிரித்த அன்றைக்கு அதை என் மூக்கில் வைத்து, "பாரு குட்டி, விரல் முழுசா உள்ள போயிடுச்சு" என்று சிரித்தான். அந்தச் சுருக்கத்தை எனக்குத் தெரியும். என் கை ரேகையைவிட நன்றாகத் தெரியும்.

ரூஃபஸைக் காபி மூலைக்கு இழுத்துப்போய் எல்லாவற்றையும் சொன்னேன். அவன் குறுக்கே பேசாமல் கேட்டான். கடைசியில், "உங்க அண்ணன் எந்தப் பக்கம் உக்காந்திருந்தாருன்னு அந்தப் பட்டைக்குத் தெரியும்போல," என்றான். நானும் அதையேதான் நினைத்தேன். பழைய பிளாஸ்டிக்கில் எண்ணெய் ஊறிப் போய், எத்தனை முறை கரைத்தாலும் மேலே ஏறி வருகிறது. செத்தவன் பிடித்த பிடி. அப்படி நினைத்ததில் எனக்கு ஓர் ஆறுதல்கூட இருந்தது.

மெர்லுக்கு இது எதுவும் தெரியாது. "மாட்டுனது அவனா இருக்கலாம், சரிபார்த்தது நீதானே," என்று இரண்டாவது படத்துக்குக் கீழேயும் என் பெயரையே ஒட்டினார். "சனிக்கிழமை பதினோரு மணிக்கு அந்த ஆளே எடுத்துட்டுப் போக வர்றாரு. இன்னொரு தடவை கெட்டுதுன்னா திங்கட்கிழமை நீ வர வேண்டாம்."

நாற்பத்து நான்கு வயது. சுற்றி இருந்த ஆலைகள் ஒவ்வொன்றாகக் கதவைச் சாத்திக்கொண்டிருந்த காலம். பட்டையை மறுபடி காஸ்டிக் தொட்டிக்கு எடுத்துப் போனேன்.

பதினெட்டாம் தேதி, வெள்ளிக்கிழமை. மதியம் ஒரு மணிக்குப் பனி கொட்ட ஆரம்பித்தது. இரண்டு மணிக்கு எதிரே இருந்த பெட்ரோல் பங்க் கண்ணுக்குத் தெரியவில்லை. மெர்ல் மகளைப் பள்ளியிலிருந்து அழைக்கப் போனார். ரூஃபஸ் வீடு ஆற்றுக்கு அந்தப் பக்கம், பாலத்தை அடைப்பதற்குள் போக வேண்டும்.

"நீயும் கிளம்பு ரெஜி."

"பட்டை சூளையில இருந்து வந்தாச்சு. இன்னிக்கே போடலைன்னா வார்னிஷ் செத்துரும். நான் நடந்துபோற தூரம்தானே. நீ போ."

அவன் தயங்கினான். பிறகு போனான். பட்டறையில் நான் ஒருத்தி.

கையுறையை மாட்டினேன். இரண்டு ஜோடி. பட்டையை விளக்கடியில் வைத்து, இந்த முனையிலிருந்து அந்த முனைவரை பார்த்தேன். ஒரு புள்ளிகூட இல்லை. சட்டத்தில் மாட்டினேன். கதவை அடைத்தேன். 2:48-க்கு பம்பைப் போட்டேன்.

டக டக டக டக... பம்ப் ஓடுகிற சத்தம். பழகிய சத்தம். மீட்டர் முள் மெல்ல இறங்கியது.

ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டு நின்றேன். உள்ளே சிறிய விளக்கு. சட்டம் சுற்றுகிறது. ஆறு விநாடிக்கு ஒருமுறை பட்டை என் முன்னால் வந்து போகும். சுத்தமாக இருந்தது. இன்னொரு சுற்று. சுத்தம்.

3:09. முள் ஏறக்குறைய அடிக்கு வந்துவிட்டது. உள்ளே இனிக் காற்று இல்லை.

3:12.

டொக்... டொக்... டொக். ஒரே சீராக இல்லை. எண்ணிக் கேட்டேன். இரண்டு மெதுவாக. பிறகு ஒன்று, சட்டென்று.

பம்ப்தான் என்று நினைத்தேன். பம்பில் கை வைத்துப் பார்த்தேன். அதன் துடிப்பு வேறு.

மறுபடி.

டொக்... டொக்... டொக்.

சத்தம் டிரம்முக்குள்ளிருந்து வந்தது.

இந்த இடத்தில் ஒன்று சொல்ல வேண்டும். எங்கள் பழைய வீட்டில் என் அறை சமையலறைப் பின்கதவுக்கு மேலே. ஸ்டாஷ் நேரம் கழித்து வந்தால் அப்பாவுக்குத் தெரியாமல் வெளியிலிருந்து மாடிப்படிச் சுவரில் தட்டுவான். நான் இறங்கிப்போய்த் திறந்துவிடுவேன். இரண்டு மெதுவாக, ஒன்று சட்டென்று. கதவைத் திற, குட்டி. அதுதான் அதற்கு அர்த்தம். எங்கள் இரண்டு பேரைத் தவிர யாருக்கும் தெரியாது.

டொக்... டொக்... டொக்.

ஜன்னலில் முகத்தை வைத்தேன்.

பட்டை வந்தது. விளிம்பில் ஒரு விரல்.

ஆறு விநாடி.

பட்டை வந்தது. இரண்டு விரல்.

ஆறு விநாடி.

மூன்று. நடுவில் பாதி.

நான்கு.

கட்டை விரல் கீழே... பட்டையை அடியிலிருந்து பிடித்தபடி.

தட்டல் வேகமானது. வால்வு என் வலது கைக்குப் பக்கத்தில் இருந்தது. ஒரு திருப்பு. காற்று உள்ளே போகும். கதவு திறக்கும். சாமான் கெடும். வேலை போகும்.

நான் திருப்பவில்லை.

முள்ளைப் பார்த்தேன். கடிகாரத்தைப் பார்த்தேன். 3:14.

அப்போது ஜன்னல் மங்கியது.

உட்பக்கம்.

கண்ணாடியில் வட்டமாக ஆவி படிந்தது. சுருங்கியது. மறுபடி படிந்தது. பக்கத்தில் நின்று மூச்சு விட்டால் படியுமே, அப்படி.

உள்ளே காற்றே இல்லை.

டொக்... டொக்...

மூன்றாவது தட்டு வரவில்லை.

ஆவி மெல்லச் சுருங்கிச் சுருங்கி ஒரு புள்ளியாகிப் போனது. 3:15. மின்சாரத்தைப் போட்டேன். உள்ளே வெள்ளை வெளிச்சம். பத்து விநாடி. அணைந்தது. வால்வைத் திறந்தேன். ஸ்ஸ்ஸ்ஸ் என்று காற்று உள்ளே போனது. கதவைத் திறந்தேன்.

யாரும் இல்லை. பட்டை மட்டும் ஆடிக்கொண்டிருந்தது. வெள்ளியில் ஒரு முழு இடது கை.

சட்டத்தோடு அப்படியே விட்டுவிட்டு, பனியில் கோட்டுப் பொத்தான்கூடப் போடாமல் வீட்டுக்கு ஓடினேன்.

மறுநாள் காலை மெர்ல் எனக்கு முன்னால் வந்து, பட்டையைப் பார்த்து, மூன்றாவது படத்தையும் ஆணியடித்து முடித்திருந்தார்.  11:20-க்கு லாயிட் பெண்டர் வந்தான். நல்ல கம்பளிக் கோட்டு. நரைத்த மீசை. என்னைப் பார்த்து மரியாதையாகத் தலையாட்டினான். அடையாளம் தெரியவில்லை. ரூஃபஸ் என் பக்கத்தில் நின்றான்.

"மன்னிக்கணும் ஐயா," என்றார் மெர்ல். "அஞ்சு சாமான் ரெடி. இந்தப் பட்டை மட்டும் மறுபடி போட்டுத் தர்றோம். எங்க ஆளு கை பட்டுடுச்சு."

லாயிட் கண்ணாடியை மாட்டிக்கொண்டு குனிந்தான். விரல்களைப் பார்த்தான். பாதி விரலுக்கு வந்ததும் அவன் முகத்தில் இருந்த இரத்தமெல்லாம் வடிந்தது.

"இது உங்க ஆளு கை இல்லை," என்றான். குரல் எங்கேயோ இருந்து வந்தது.

"பின்ன யாரு கைங்க?" என்றேன் நான்.

அவன் என்னைப் பார்க்கவில்லை. பட்டையைப் பார்த்தே பேசினான். "தட்டிக்கிட்டே இருந்தான்... ரெண்டு தட்டு, அப்புறம் ஒண்ணு. நான் வயலுக்குள்ள நடந்து போறேன், அங்கவரைக்கும் கேக்குது. அப்பா வந்து பாக்கட்டும், அப்புறம் சொல்லிக்கலாம்னு... நாங்க திரும்பி வந்தப்ப சத்தம் இல்லை."

"எந்தப் பக்கத்துல இருந்து தட்டினான்?"

"இந்தப் பட்டை வர்ற பக்கம்தான். டாஷ்போர்டுல நெஞ்சு மாட்டி, வெளிய வர முடியாம..."

நிறுத்தினான். நிமிர்ந்தான். அப்போதுதான் என்னை முழுசாகப் பார்த்தான்.

"நான் ஸ்டாஷோட தங்கச்சி," என்றேன்.

ஐந்து சாமானையும் மேசையிலேயே விட்டுவிட்டு வெளியே போனான். காரில் ஏறி, கிளப்பாமல் வெகுநேரம் உட்கார்ந்திருந்தான். பிறகு போய்விட்டான். நான் அந்த ஐந்தையும் திரும்பப் பெட்டிக்குள் அடுக்கினேன்.

இதற்குப் பிறகு நியாயம் கிடைத்தது என்று சொன்னால் கேட்க நன்றாக இருக்கும். கிடைக்கவில்லை. லாயிட் எதுவும் சொல்லவே இல்லை என்று அவன் வக்கீல் கடிதம் அனுப்பினார். மெர்ல், "எனக்கு ஒண்ணும் காதுல விழலை, வாடிக்கையாளர் விவகாரம்," என்றார். எதிரே இரண்டடி தூரத்தில் நின்ற மனிதர். திங்கட்கிழமை அந்தப் பட்டையைக் காஸ்டிக் தொட்டியில் எறிந்தார். ஆனால் என்னை வேலையை விட்டு அனுப்பவில்லை. 

ரூஃபஸ் மட்டும், "எனக்குக் காது நல்லாவே கேக்கும்," என்று என்னோடு போலீஸுக்கு வந்தான். கேட்டதைச் சொன்னான், கையெழுத்துப் போட்டான். அதிகாரி அதை ஒரு மேசை இழுப்பறைக்குள் வைத்து மூடினார். இன்னும் அங்கேயே இருக்கும்.

அம்மாவிடம் லாயிட் சொன்னதைச் சொன்னேன். அந்த நாற்பத்து மூன்று நிமிடத்தில்தான் அப்பனும் மகனும் ஸ்டாஷை ஸ்டீயரிங்குக்குப் பின்னால் இழுத்துப் போட்டிருக்கிறார்கள் என்றும் சொன்னேன். தட்டியதைச் சொல்லவில்லை. அவள் ஒரு சொட்டுக்கூட அழவில்லை. அடுத்த ஞாயிற்றுக்கிழமை பத்து மணிப் பூசைக்கு, நல்ல தொப்பி வைத்துக்கொண்டு, நடுவழியில் நடந்து மூன்றாவது வரிசையில் போய் உட்கார்ந்தாள். டீச்சரின் அக்கா திரும்பிப் பார்த்தாள். அம்மா தலையைக் குனியவில்லை. எனக்கு அது போதும் என்று இருந்தது.

அது போதும் என்று மே மாதம்வரை இருந்தேன்.

மே 11, புதன்கிழமை, மாலை 4:05. பட்டறைக்கு ஒரு போன் வந்தது. லாயிடின் வண்டியைப் புதுப்பித்த மெக்கானிக். பேச்சில் நல்ல மனிதர். லாயிட் அந்த வண்டியை உடைக்கப் போட்டுவிட்டாராம்.

"அந்த நீளப் பட்டை உங்ககிட்டதானேம்மா இருக்கு? அதை மட்டும் நான் எடுத்துக்கலாம்னு பாத்தேன். வேற வண்டிக்கு ஆகும்."

"அது பழசாச்சே," என்றேன். "கரைச்சுக் கரைச்சு வீணாப் போச்சு."

"பழசா? யாரு சொன்னா? பழைய பட்டை அந்த விபத்திலேயே தூள் தூளாப் போயிடுச்சு. கொட்டகையில இருந்து எடுத்தப்பவே வண்டியில அந்த இடம் வெறும் ஓட்டைதான். இது புது வார்ப்பு. போன டிசம்பர்ல நானே வரவழைச்சது. எந்த வண்டியிலயும் மாட்டினதே இல்லை. மத்த சாமானோட சேர்த்து நேரா உங்களுக்குத்தான் அனுப்பினேன்."

போனை வைத்துவிட்டேன். நன்றி சொன்னேனா என்று நினைவில்லை.

பழைய பிளாஸ்டிக் இல்லை. ஊறிய எண்ணெய் இல்லை. 1968-ல் பதிந்த பிடி இல்லை. அந்தக் கை அந்தப் பட்டையைப் பிடித்த இடம் ஒன்றுதான் இருக்க முடியும். எங்கள் டிரம். செவ்வாயும் புதனும் தட்டியிருந்தால் யாருக்கும் கேட்கவில்லை. வெள்ளிக்கிழமை எனக்குக் கேட்டது. 3:12-லிருந்து 3:15 வரை.

லாயிட் கேட்டுக்கொண்டே நடந்து போனான். நான் கேட்டுக்கொண்டே முள்ளைப் பார்த்தேன்.

அந்த மூன்று படங்களும் இன்னும் வெட்கச் சுவரில் இருக்கின்றன. முதல் இரண்டின் கீழே இருந்த என் பெயரைப் பிறகு ரூஃபஸ் கிழித்துவிட்டான். மூன்றாவதையும் கிழிக்கப் போனான். அதை மட்டும் விடு என்றேன்.

இப்போதும் அங்கேதான் வேலை செய்கிறேன். ஒவ்வொரு முறை பம்ப் ஓடும்போதும் கையுறையைக் கழற்றி, வால்வில் கை வைத்து, இருபத்தைந்து நிமிடமும் நிற்கிறேன். ஒரு தட்டுக் கேட்டால் போதும், திறந்துவிடுவேன்.

இதுவரை தட்டவில்லை.